எட்டு அம்சங்களில் விடுபட்டவர்கள்
போர்க்காலத் தலைவர்களின் அமைதித் திட்டங்களும் மலாயாத் தோட்டத் தமிழரும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் நகரை ஒட்டி கெடீஸ் என்றொரு தோட்டம் உண்டு. டன்லப் கம்பெனியின் தோட்டமாகத்தான் அதை ஊர் அறியும். அந்த டன்லப் கம்பெனிக்கு 1922 முதல் 1937-ல் இறக்கும்வரை தலைவராக இருந்தவர் சர் எரிக் கெடீஸ். முதல் உலகப் போரில் பிரிட்டனின் கடற்படை அமைச்சராக இருந்தவரும் அவரே. போர் முடிந்த கையோடு, 1918 டிசம்பர் தேர்தல் மேடையில், தோற்ற ஜெர்மனியை எலுமிச்சம்பழமாகப் பிழிய வேண்டும், விதை கீச்சிடும்வரை விடக்கூடாது என்று அவர் பேசிய பேச்சை இன்றும் வரலாற்று நூல்கள் எடுத்துச் சொல்கின்றன. அந்த மனநிலையில் எழுதப்பட்ட வெர்சாய் சமாதானம் இருபது ஆண்டுகூடத் தாங்கவில்லை என்பதும் எல்லோரும் அறிந்ததே.

உலகத்தின் போரும் சமாதானமும் எங்கோ ஐரோப்பாவில் நடப்பவை, அவற்றுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு பெயரே பதில். போரை நடத்தியவர்களும், சமாதானம் எழுதியவர்களும், தோட்டத்தை ஆண்டவர்களும் பெரும்பாலும் ஒரே வட்டத்து மனிதர்கள்.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அதை நடத்தும் தலைவர் ‘இனிப் போரே வராத உலகம்’ ஒன்றுக்குத் திட்டம் வகுக்கிறார். உட்ரோ வில்சன் வகுத்தார், ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வகுத்தார்கள், ஜப்பானின் தோஜோவும் வகுத்தார். இன்று உக்ரைனின் ஜெலன்ஸ்கி வகுத்திருக்கிறார். இத்தகைய திட்டங்களில் எது நிலைக்கிறது, எது உடைகிறது, ஏன்? இந்தக் கேள்வியைப் பெரிய நாடுகளின் தலைநகர்களில் நின்று ஆராய்ந்த நூல்கள் ஏராளம். பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நின்று ஆராய்ந்தால் வேறொரு விடை கிடைக்கிறது. ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு வாக்குறுதி இருக்கிறது. கூடவே, வாக்குறுதி யாருக்குப் பொருந்தாது என்ற விலக்கும் இருக்கிறது. திட்டம் உடைவது அந்த விலக்கு இருக்கும் இடத்தில்தான்.

1918: பதினான்கு அம்சங்கள்

1918 ஜனவரி 8-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வில்சன் வைத்த பதினான்கு அம்சங்கள்தாம் இவ்வகைத் திட்டங்களுக்கெல்லாம் முன்மாதிரி. இரகசிய ஒப்பந்தங்கள் கூடாது, கடல்வழி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், ஆயுதம் குறைய வேண்டும், நாடுகளின் பொதுச் சங்கம் ஒன்று வேண்டும் என்று அது அடுக்கியது. ஐந்தாவது அம்சம் காலனிகளைப் பற்றியது. ஆளும் அரசின் உரிமைக் கோரிக்கைக்குச் சமமான எடை அங்கே வாழும் மக்களின் நலனுக்கும் தரப்பட வேண்டும் என்றது. இந்தியாவிலும் எகிப்திலும் கொரியாவிலும் படித்தவர்கள் இதைத் தங்களுக்கான செய்தியாகவே வாசித்தார்கள்.

பாரிஸ் மாநாட்டில் நடந்தது வேறு. நாடுகளுக்கிடையே இன சமத்துவம் என்ற வாசகத்தைச் சர்வதேச சங்கத்தின் விதிகளில் சேர்க்க ஜப்பான் கேட்டது. 1919 ஏப்ரல் 11-ல் வாக்கெடுப்பு நடந்தபோது 17 பேரில் 11 பேர் ஆதரித்தனர். தலைமை வகித்த வில்சன், ஒருமனதாக இல்லாததால் செல்லாது என்றார். இரண்டு நாள் கழித்து அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. இந்தியா அச்சங்கத்தின் தொடக்க உறுப்பு நாடு. வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியா பெயரிலும் கையெழுத்து விழுந்தது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட அனுப்பப்பட்டவர்களை இந்திய மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

அதே ஒப்பந்தத்தின் வயிற்றிலிருந்துதான் நல்லதொன்றும் பிறந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சாசனம் வெர்சாய் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. சமூக நீதி இல்லாமல் நிலையான உலக அமைதி இல்லை என்ற கருத்தை அதன் முகப்புரை 1919-லேயே வைத்துவிட்டது. பகாவிலிருந்து பார்ப்பவருக்கு வில்சனின் பதினான்கையும்விடப் பெரிய அம்சம் இதுவே. இது தலைவர்களின் மேடைப் பேச்சில் இடம்பெறவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1941: கிள்ளானும் அட்லாண்டிக்கும்

1941 மார்ச்சில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றில் ஒன்றைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்து எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். காசு கேட்ட அதே மூச்சில் மானமும் கேட்டார்கள்.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். மே 16-ல் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இந்தியத் துருப்புகளை வைத்தே இந்தியத் தொழிலாளரை அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

ஏறத்தாழ மூன்று மாதம் கழிந்தது. நியூஃபவுண்ட்லாந்தின் பிளசென்ஷியா விரிகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ‘அகஸ்டா’வும் பிரிட்டனின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலும் நங்கூரமிட்டு நின்றன. ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அங்கே கூடிப் பேசி, 1941 ஆகஸ்ட் 14-ல் எட்டு அம்ச அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார்கள். நாங்கள் மண்ணாசை கொண்டு போரிடவில்லை என்றது முதல் அம்சம். எந்த மக்களும் தங்கள் ஆட்சிமுறையைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது மூன்றாவது. மூலப்பொருள்கள் எல்லா நாடுகளுக்கும் சம நிபந்தனையில் கிடைக்க வேண்டும் என்றது நான்காவது. தொழிலாளர் நிலை உயர வேண்டும், சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்றது ஐந்தாவது. அச்சமும் இல்லாமையும் நீங்கிய வாழ்வு வேண்டும் என்றது ஆறாவது.

நான்காவது அம்சத்தை மலாயாவில் இருப்பவர் இரண்டு முறை படிக்க வேண்டும். உலகின் மிகப்பெரிய ரப்பர் ஏற்றுமதி நாடு அன்று மலாயா. அந்த ரப்பரை யார் வாங்கலாம் என்பதில் நீதி பேசிய சாசனம், மரத்தில் பால் வெட்டுகிறவரைப் பற்றி அந்த அம்சத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அதிலும் ஏற்கெனவே உள்ள கடப்பாடுகளுக்கு மதிப்பளித்து என்றொரு சொற்றொடர் செருகப்பட்டது. சாம்ராஜ்யத்துக்குள் நடக்கும் சலுகை வர்த்தகத்தைக் காப்பாற்ற சர்ச்சில் வலியுறுத்திப் பெற்றது அது. தொழிலாளருக்கான ஐந்தாவது அம்சத்துக்கு வலுச் சேர்த்தது லண்டனிலிருந்து அட்லியின் தலைமையில் கூடிய போர்க்கால அமைச்சரவை. ஆனால் கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவரை அந்த அம்சம் எட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

கேள்வி இந்தியாவிலிருந்து வந்தது. மூன்றாவது அம்சம் எங்களுக்கும் உண்டா? 1941 செப்டம்பர் 9-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் விடை தந்தார். நாஜிப் பிடியில் இருக்கும் ஐரோப்பிய நாடுகளை மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டது. இந்தியா, பர்மா போன்றவற்றின் அரசியல் வளர்ச்சி தனிப் பொருள் என்றார். ரூஸ்வெல்ட் மாறாக, 1942 பிப்ரவரி 23-ல் வானொலியில் பேசும்போது, சாசனம் அட்லாண்டிக் கரைகளுக்கு மட்டுமன்றி உலகம் முழுமைக்கும் பொருந்தும் என்று அறிவித்தார். சிங்கப்பூர் விழுந்து எட்டே நாள் ஆகியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் சர்ச்சில், சாம்ராஜ்யத்தைக் கலைக்கும் வேலைக்குத் தலைமை தாங்கத் தாம் பிரதமராகவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்.

சாசனத்துக்கு இடம் கொடுத்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலோ, நான்கு மாதம்கூட நிறையாத நிலையில், 1941 டிசம்பர் 10-ல் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் மூழ்கியது. ‘ரிபல்ஸ்’ கப்பலும் உடன் போனது. இரு கப்பல்களிலுமாக 800-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அட்லாண்டிக்கில் நிலையான அமைதி பேசப்பட்ட கப்பல் இன்றும் மலேசியக் கடலடியில் கிடக்கிறது. மலாயாவுக்குப் பொருந்தாது என்று விளக்கப்பட்ட சாசனத்தை மலாயாவைக் காக்க வந்த கப்பலில் வைத்துத்தான் பேசினார்கள்.

1943: டோக்கியோ கூட்டறிக்கையும் சயாம் ரயிலும்

மேற்கின் விலக்கைச் சுட்டிக்காட்டியே ஜப்பான் தன் திட்டத்தை விற்றது. ஆசியா ஆசியர்களுக்கே என்ற முழக்கம் தோட்டங்கள்வரை வந்தது. 1943 நவம்பர் 5, 6 நாள்களில் டோக்கியோவில் மகா கிழக்காசிய மாநாடு கூடியது. தோஜோ தலைமை. பர்மாவின் பா மாவ், பிலிப்பைன்ஸின் லாரெல், தாய்லாந்தின் இளவரசர் வான், நான்கிங் அரசின் வாங் ஜிங்வெய், மஞ்சுகுவோவின் பிரதமர் ஆகியோர் கலந்துகொண்டார்கள். சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசைச் சில நாள்கள் முன்பு சிங்கப்பூரில் அறிவித்திருந்த சுபாஷ் சந்திர போஸ் பார்வையாளராக அமர்ந்தார். ஒருவர் இறையாண்மையை ஒருவர் மதித்தல், ஒருவர் மரபை ஒருவர் போற்றுதல், இணைந்து வளம் பெருக்குதல், இன வேற்றுமையை ஒழித்தல் என்று ஐந்து அம்சக் கூட்டறிக்கை வெளிவந்தது. எழுத்தளவில் பார்த்தால் அட்லாண்டிக் சாசனத்துக்கு ஒரு படி மேல். இன சமத்துவத்தை அது வெளிப்படையாகச் சொன்னது.

அந்த மேசையில் மலாயாவுக்கு நாற்காலி இல்லை. காரணம், அதற்கு ஐந்து மாதம் முன்பே, மே 31-ல், டோக்கியோவில் பேரரசர் முன்னிலையில் கூடிய ஆலோசனை, மலாயாவும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் செலிபசும் ஜப்பானின் நிரந்தரப் பகுதிகளாக இருக்கும் என்று இரகசியமாக முடிவெடுத்துவிட்டது. மூலப்பொருள் விளையும் மண்ணை விட மனமில்லை. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களும் அந்த அக்டோபரில் தாய்லாந்தின் கைக்கு மாறின. அங்கு வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. சர்ச்சிலின் விலக்கும் தோஜோவின் விலக்கும் வந்து நின்ற இடம் ஒன்றே: ரப்பரும் ஈயமும் இருந்த இடம்.

ஜப்பான் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை 1943 அக்டோபர் 17-ல் இணைந்தது. கூட்டறிக்கை நவம்பர் 6-ல் வந்தது. இரண்டுக்கும் இடையே இருபது நாள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். கூலியும் அரிசியும் தருவோம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று முதலில் சொன்னார்கள். போனவர்கள் திரும்பாத சேதி பரவியதும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் புகுந்து பிடித்தார்கள், படக்காட்சி என்று அழைத்து வளைத்துப் பிடித்தார்கள் என்று பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல் என்பது ஆய்வாளர்களின் பொதுவான மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். பல்லாயிரக்கணக்கானோர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். பகாவ் வழியாகப் போகும் கிழக்குக்கரை ரயில் பாதையிலும் வடக்கே நெடுந்தொலைவுக்குத் தண்டவாளங்களைப் பிடுங்கி அங்கே கொண்டுபோனார்கள். ஆளும் இரும்பும் ஒரே திசையில் போன காலம் அது.

பகாவுக்கு அந்தப் போர் இன்னொரு துயரத்தையும் கொண்டுவந்தது. அரிசி வரத்து நின்று சிங்கப்பூர் பட்டினியில் தத்தளித்தபோது, நகரத்து மக்களை வெளியேற்றிக் காட்டில் குடியேற்ற ஜப்பானிய நிர்வாகம் திட்டமிட்டது. 1943-ன் இறுதியில் சிங்கப்பூரின் கத்தோலிக்கச் சீனரும் யுரேசியரும் பகாவ் காட்டுக்கு வந்தார்கள். ஃபுஜி கிராமம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மண்வெட்டி பிடித்தறியாத குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் காட்டை வெட்டி மரவள்ளி நட்டார்கள். மலேரியா வீடுவீடாக அடித்தது. அவர்களோடு வந்த ஆயர் அட்ரியன் டெவால்ஸ் தாமும் மண் வெட்டினார். காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்தார். கூடி வளம் பெருக்குவோம் என்று டோக்கியோவில் எழுதிய வாசகத்தின் நடைமுறைப் பொருள் பகாவ் காட்டில் இப்படித்தான் தெரிந்தது.

போஸைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இது வெற்றியாளர் கூடிக் கொள்ளையைப் பங்கிடும் மாநாடு அன்று என்று டோக்கியோவில் அவர் நம்பிக்கையோடு பேசினார். அந்த நம்பிக்கையை நிகழ்ச்சிகள் பொய்யாக்கின. ஆனால் அவர் மலாயாத் தமிழருக்குத் தந்தது வேறொன்று. கங்காணிக்கும் கிராணிக்கும் கைகட்டி நின்றவர் இந்திய தேசிய இராணுவத்தில் உடுப்பணிந்து நிமிர்ந்து நின்றார். பால் மரத்தடியில் வாழ்க்கை முடிந்துவிடும் என்றிருந்த பெண்கள் கேப்டன் லட்சுமியின் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தபோது கேட்ட மானத்தின் தொடர்ச்சியாகவே இதைக் காண்கிறேன். போருக்குப் பின் மலாயாவில் தொழிற்சங்கமும் அரசியல் கட்சியும் கட்டியவர்களில் பலர் அந்தப் பாசறைகளிலிருந்து வந்தவர்கள்.

1945: மேசையில் இரு தமிழர்

போர் நடத்தாத ஒரு தலைவரின் திட்டத்தையும் இங்கே ஒப்பிட வேண்டும். சான்பிரான்சிஸ்கோ மாநாடு தொடங்கவிருந்த 1945 ஏப்ரலில் காந்தி ஓர் அறிக்கை விட்டார். இந்தியா உள்ளிட்ட அடிமை நாடுகள் விடுதலை பெறாமல் உலக அமைதி இல்லை. தோற்ற ஜெர்மனியையும் ஜப்பானையும் அவமானப்படுத்தும் சமாதானம் சமாதானமாகாது என்பது அதன் சாரம். 1942 ஜூலையில் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்திலும், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை ஜனநாயகத்துக்கான போர் என்ற பேச்சு உள்ளீடற்றதாகவே ஒலிக்கிறது என்று சொல்லியிருந்தார். விலக்கு இல்லாத திட்டம் இது ஒன்றுதான். அதை நிறைவேற்றும் படை அவரிடம் இல்லை. அதனால் அரசதந்திரிகள் அதைத் திட்டமாகவே கணக்கில் எடுக்கவில்லை.

சான்பிரான்சிஸ்கோவில் 1945 ஜூன் 26 அன்று ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் ஆற்காடு ராமசாமி முதலியாரும் வி.டி. கிருஷ்ணமாச்சாரியும். பிரிட்டிஷ் அரசு நியமித்த பிரதிநிதிகள் அவர்கள். விஜயலட்சுமி பண்டிட் அதே ஊரில் தனியே நின்று, இவர்கள் இந்திய மக்களின் பிரதிநிதிகள் அல்லர் என்று முழங்கினார். அந்த விமர்சனம் நியாயமானதே. ஆயினும் முதலியார் பொருளாதார, சமூகப் பிரிவை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார், 1946-ல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். சோறும் வேலையும் உடல்நலமும் அமைதியின் பகுதி என்ற எண்ணம் ஐ.நா.வில் அமைப்பாக உருப்பெற்றதில் ஒரு தமிழரின் கை இருந்தது. மலாயாவுக்கு அங்கேயும் நாற்காலி இல்லை.

1951: மன்னிப்பும் கடனும்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் கனமாகப்படும் பகுதி இனிவருவது. 1951 செப்டம்பர் 8-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. முப்பது ஆண்டு முன்பு கெடீஸ் பேசிய பிழியும் அரசியலை உலகம் அதற்குள் கைவிட்டிருந்தது. இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்த்தனே, பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு கேட்கமாட்டோம் என்றார். அந்த மாநாட்டுக்குப் போகாத இந்தியா 1952 ஜூனில் தனி ஒப்பந்தம் செய்து இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்தது. மலாயாவை ஆண்ட பிரிட்டனும் பெரும் இழப்பீடு கேட்கவில்லை. ஆசியாவில் ஒரு ஹிட்லர் எழாமல் போனதற்கு இந்தப் பெருந்தன்மை ஒரு காரணம். அதை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் கடன் யாருக்குச் சேர வேண்டியது? ஜப்பானின் கைதிகளாகத் துன்புற்ற நேச நாட்டு வீரர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஈடு தர அதே ஒப்பந்தத்தின் 16-வது விதி வழி செய்தது. அவர்களில் பலர் உழைத்த அதே சயாம் ரயில் பாதையில், அதே காலராவில் செத்த தமிழ்த் தொழிலாளிக்கு அப்படியொரு விதி இல்லை. அவருக்காகப் பேச வேண்டியது பிரிட்டனா, இந்தியாவா? இரண்டுமே உரிமையை விட்டுவிட்டன. மலாயாவுக்கு அப்போது குரல் இல்லை. 1967-ல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி மதிப்பில் பொருளுதவி தந்து ‘இரத்தக் கடன்’ விவகாரத்தை முடித்துக்கொண்டபோதும் அது அரசுகளுக்கிடையே நடந்த கணக்கு. லயத்து வாசலில் காத்திருந்த விதவைக்கு அதில் பங்கில்லை. ரயில் பாதையையோ, போர் முடிந்த கையோடு பிரிட்டன் 12.5 லட்சம் பவுண்டுக்குத் தாய்லாந்திடம் விற்றுவிட்டது.

அந்தப் பாதையோரத்தில், தாய்லாந்தின் காஞ்சனபுரியில், போர்க் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ ஏழாயிரம், பெயர் பொறித்து, புல் வெட்டி, ஒழுங்காகப் பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளருக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அவர்களை நினைவில் காத்தவை குடும்பக் கதைகளும், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற மலேசியத் தமிழ் நாவல்களும்தாம். தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை ஒருவர் மன்னிப்பது அறம். பிறருக்கு இழைக்கப்பட்டதை, அவரைக் கேளாமலே, அவர் சார்பில் மன்னிப்பது அறமாகாது. நாடு நாட்டை மன்னிக்கலாம். தொழிலாளியின் கூலியையும் உயிரின் ஈட்டையும் அந்த மன்னிப்போடு சேர்த்துத் தள்ளுபடி செய்ய நாட்டுக்கு உரிமை இல்லை.

போர் முடிந்தது, அமைதி வந்ததா?

1945-க்குப் பிறகு உலகம் அமைதிக்காலம் என்று சொன்ன ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களில் முள்வேலி வந்தது. 1948 ஜூன் 18-ல் மலாயா முழுவதற்கும் அவசரகாலம் விரிவாக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ல் தூக்கிலிடப்பட்டார்; முந்தின நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1950-ல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் சுமார் ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்குள் அடைத்தது. தோட்டத்து லயங்களும் ஒருங்கே சேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. ஊரடங்கு, அரிசிப் பங்கீடு, பகலில் இராணுவத்தின் விசாரணை, இரவில் காட்டுக்காரர்களான கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் மிரட்டல் என்று தொழிலாளி நடுவில் மாட்டினார். அச்சம் நீங்கிய வாழ்வு என்ற அட்லாண்டிக் சாசனத்தின் ஆறாவது அம்சம் எழுதப்பட்டுப் பத்தாண்டு ஆகியும் நிலைமை இதுதான். கிள்ளானில் கேட்டபோதே கொடுத்திருந்தால் இந்தக் கசப்பின் பெரும்பகுதி தோன்றியே இருக்காது என்பது என் உறுதியான கருத்து. 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் போன்றோர் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்த பிறகுதான் கூலி உடன்படிக்கைகள் நிலைபெற்றன.

எது நின்றது?

இத்தனைக்கும் பிறகு, போர்க்காலத் தலைவர்களின் திட்டங்கள் வெறும் வாய்ப்பந்தல் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. விலக்கப்பட்டவர்களே அந்த வாக்குறுதிகளைக் கையில் எடுத்தார்கள் என்பதுதான் இருபதாம் நூற்றாண்டின் பெரிய செய்தி. 1943 டிசம்பரில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் அட்லாண்டிக் சாசனத்தை அம்சம் அம்சமாக எடுத்து, இது எங்களுக்கு இப்படிப் பொருந்தும் என்று உரிமைப் பட்டியல் தயாரித்தது. 1944 மே மாதம் பிலடெல்பியாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, உழைப்பு ஒரு சரக்கு அன்று என்றும், ஓரிடத்து வறுமை எல்லா இடத்து வளத்துக்கும் ஆபத்து என்றும் பிரகடனம் செய்தது. 1947-ல் இந்தியா, 1948-ல் பர்மாவும் இலங்கையும், 1957-ல் மலாயா என்று மூன்றாவது அம்சம், சர்ச்சில் நினையாத திசையெல்லாம் நடந்தது. சாசனத்தை எழுதியவரின் நோக்கத்தைவிட, அதைப் படித்தவரின் தேவை வலிமையாக இருந்தது.

இன்றைய திட்டங்கள்

2022 நவம்பரில் பாலித் தீவில் நடந்த ஜி-20 மாநாட்டில் காணொளி வழியே ஜெலன்ஸ்கி பத்து அம்ச அமைதித் திட்டத்தை வைத்தார். அணுமின் நிலையப் பாதுகாப்பு, உணவுப் பாதுகாப்பு, கைதிகள் விடுதலை, எல்லை மீட்பு, போர்க்குற்ற விசாரணை என்று அது விரிகிறது. வில்சனுக்கும் சர்ச்சிலுக்கும் இவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இவர் பிறர் மண்ணை ஆளும் சாம்ராஜ்யத்தின் தலைவரல்லர். தாக்கப்பட்ட நாட்டின் தலைவர். 2024 ஜூனில் சுவிட்சர்லாந்தில் இதற்காக நடந்த மாநாட்டில் இந்தியா கலந்துகொண்டும் கூட்டறிக்கையில் சேரவில்லை. போரிடும் இரு தரப்பும் ஏற்கும் வழியே நிலைக்கும் என்பது அது சொன்ன காரணம். தென்னுலக நாடுகள் பலவும் தயங்குவதன் பின்னால் பழைய விலக்குகளின் நினைவும் இருக்கிறது.

அந்த நினைவு நியாயமானது. அது மௌனமாக மாறினால் நியாயம் கெடும். 2014 ஜூலை 17-ல் கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்.எச்.17 விமானத்தில் இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர். யாருடைய போரோ என்று ஒதுங்கி நிற்க மலேசியாவால் அன்றும் முடியவில்லை, இன்றும் முடியாது. விலக்கப்பட்டவரின் நினைவு, இன்னொரு நாடு விழுங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சாக்காகக் கூடாது.

முடிவாக

மேலே பார்த்த திட்டங்களிலிருந்து நான்கு கேள்விகளைத் திரட்டலாம். இனி எந்தத் தலைவர் நிலையான அமைதி என்று திட்டம் வைத்தாலும் இவற்றைக் கேட்க வேண்டும். ஒன்று, தன் கையில் இருக்கும் மண்ணுக்கும் அதே விதியை அவர் ஏற்கிறாரா? வில்சன், சர்ச்சில், தோஜோ மூவரும் இங்கேதான் தவறினார்கள். இரண்டு, யாருடைய வாழ்வைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்களுக்கு மேசையில் இடம் உண்டா? மூன்று, எல்லையும் ஆயுதமும் மட்டும் பேசுகிறதா, கூலியும் சோறும் மருத்துவமும் பேசுகிறதா? நான்கு, இறந்தவர்களையும் கட்டாய வேலை செய்தவர்களையும் எண்ணிக் கணக்கு வைத்து, அவர்கள் குடும்பங்களுக்கு ஈடு சேரும் வழி உண்டா?

இந்தக் கேள்விகளைப் பிறரிடம் கேட்கும் உரிமை நமக்கு வரலாற்றால் கிடைத்தது. அவற்றை நம்மிடமே கேட்டுக்கொள்ளும் கடமையும் அதோடு சேர்ந்தே வருகிறது. பகாவ் வட்டாரத்திலும் பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் பாட்டன் பாட்டி நின்ற பெரட்டில் இன்று நிற்பவர்களில் பலர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும். 2020-ல் கட்டாய உழைப்பின் அறிகுறிகளைச் சுட்டி இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கச் சுங்கத்துறை தடை விதித்தது. 2022-ல் கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேச நெறிமுறையை மலேசியா ஏற்றுக் கையெழுத்திட்டது. அந்தக் கையெழுத்து லயத்து வாசல்வரை வந்து சேர வேண்டும். கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, கடனில் மூழ்கி வந்து நிற்கும் அந்த அயலூர்த் தொழிலாளிக்கு நியாயம் கேட்பதில் மலேசியத் தமிழர் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்பேன். சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை இன்னும் உயிரோடிருக்கும் முதியவர்களிடமிருந்து திரட்டிப் பட்டியலாக்கும் பணியும் அதோடு சேர்ந்து நடக்க வேண்டும். நம் இறந்தவர்களை எண்ணாமல் விட்டவர்களைக் குறைசொல்லும் நாம், நம் பக்கத்து லயத்தில் வாழ்பவரை எண்ணாமல் விட்டால், அடுத்த சாசனத்தின் விலக்கை எழுதும் கை நம்முடையதாகிவிடும்.